ஆவுடையப்பனின் பொது அறிவு

வெள்ளைக்கரடு என்ற ஊரில், மானம் போகிற வேளையிலெல்லாம் வாயிலிருந்து பொது அறிவு வருகிற மனிதர் ஒருவர் இருந்தார், அவர் செண்பகவல்லிக்கு அப்பா. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். உள்ளூரில் யாரும் சிரிப்பதில்லை. மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் தேங்குகிற மாதிரி, தேர்தல் வந்தால் ரோடு போடுகிற மாதிரி, அதுவும் அந்த ஊரில் நடக்கிற ஒரு காரியம், அவ்வளவுதான்.

அது தொடங்கியது ஓர் ஆவணி மாத முகூர்த்தத்தில், தங்கப்பழம் கல்யாண மண்டபத்தின் இரண்டாம் பந்தியில். செண்பகவல்லியின் அப்பா ஆவுடையப்பன் பந்தி பரிமாறுகிறவர். வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் வரிசையில் நடந்தால் வாளிக்குக் கால் முளைத்து நடக்கிற மாதிரி இருக்கும், ஒரு சொட்டு கீழே சிந்தாது. அன்றைக்கு என்ன கிரகமோ, யாரோ ஒரு பிள்ளை குறுக்கே ஓட, வாளி சாய்ந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில், புது வேட்டியில், ரசம் போய் உட்கார்ந்துகொண்டது. தாய்மாமன் ரைஸ்மில் வைத்திருப்பவர், அவருக்குத் தொண்டையும் ரைஸ்மில். "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? ஓசிச் சோத்துக்கு வந்து நிக்கிற பயலுக்கு நடக்கத் தெரிய வேண்டாம்?" என்று அவர் போட்ட சத்தத்தில் பந்தி முழுக்க இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆவுடையப்பன் தலையைக் குனிந்தார். மன்னிச்சிருங்க ஐயா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வெளியே வந்தது வேறு குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்களுடைய சுத்தமான குரல்.

"ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உண்டு."

மண்டபத்தில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. எதிர் வரிசையில் ஒருவர் இடது கையால் செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளதுதான், மூணு" என்றார். தாய்மாமன் வேட்டியை உதறினார். பிறகு, "அப்பச் சரி, மோரை ஊத்தும்" என்றார். பந்தி மறுபடி சாப்பிடத் தொடங்கியது.

செண்பகவல்லிக்கு அன்று சாயந்திரத்துக்குள் இந்தக் கதை பல வாய்களிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. அப்பா வந்ததும் கேட்டாள்.

"ஆக்டோபஸ்னா என்னன்னு தெரியுமாப்பா உங்களுக்கு?"

"எனக்கு என்னட்டி தெரியும்? தொண்டையில என்னமோ முட்டுச்சு. துப்பிட்டேன்."

அவள் செல்போனில் படத்தைக் காட்டினாள். ஆவுடையப்பன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனை காலு இருக்கே, செருப்பு வாங்கியே அழிஞ்சிருவான், பாவம்" என்று சொல்லிவிட்டு, மண்டபத்திலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த லட்டை அவளிடம் நீட்டினார்.

அதன்பிறகு அது நின்றபாடில்லை. வங்கியில் நாலு பேர் பார்க்க மை தடவிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னபோது, வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள் என்பது அங்கே ஒரு வருடத்தைவிட நீளமானது என்றார். பஸ்ஸில் சில்லறை இல்லை என்று கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்தபோது, பட்டாம்பூச்சிகள் கால்களால் ருசி பார்க்கின்றன என்றார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் குரூப் போட்டோ எடுக்கிறவன், "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சொன்னபோது, வாம்பட் என்னும் விலங்கின் சாணம் கட்டம் கட்டமாக, கனசதுர வடிவில் இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, சதை வளரவில்லை, பயப்பட வேண்டாம் என்றார். கோயில் பூசாரி திருநீறு பூசிவிட்டார். டீக்கடைக்காரர், இன்றைய ஸ்பெஷல் எழுதுகிற பலகையில் உளுந்தவடைக்குக் கீழே அன்றைக்கு ஆவுடையப்பன் சொன்னதையும் எழுதி வைத்தார். எதுவும் எதற்கும் சம்பந்தமில்லாமல்தான் வந்தது, ஆனாலும் ஊர் சும்மா இருக்குமா? முதலையால் நாக்கை வெளியே நீட்ட முடியாது என்று அவர் சொன்ன வாரம் முழுக்க, அது பஞ்சாயத்துத் தலைவரைத்தான் குறிக்கிறது என்று ஒரு பாதியும், தலைவருடைய மனைவியைக் குறிக்கிறது என்று மறுபாதியும் பேசிக்கொண்டது.

இதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளைக்கரட்டில் டிகிரி முடித்தவர்களுக்கு இரண்டே வழிதான் இருந்தது, ஒன்று திருப்பூர் பஸ், இன்னொன்று உரக்கடை மாடியில் ஜெபராஜ் சார் நடத்திய சிகரம் பயிற்சி மையம். மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காலையில் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கிற தீப்பெட்டி ஆபீஸ் வேன். செண்பகவல்லியின் அம்மா வள்ளிமயில் அதில்தான் போய்வந்தாள். பசை அப்பி அப்பி அவள் விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. செண்பகவல்லி வாசலில் நின்றால் வேன் டிரைவர் ஒரு நிமிஷம் கூடுதலாக நிறுத்தி, "மயிலக்கா, பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, சீட் இருக்கு" என்பான். நல்ல எண்ணத்தில்தான் சொல்வான். அவள் குரூப் ஃபோர் தேர்வை எழுதி எழுதி, ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியில், இரண்டு கேள்வியில் தவறவிட்டு, அந்த வேனில் காலியாக இருக்கிற சீட்டைக் கனவில்கூடப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த வருடத் தேர்வில்தான் ஊர் கண்டுகொண்டது. வெள்ளிக் கிரகம் கேள்வியாக வந்திருந்தது. பட்டாம்பூச்சி வந்திருந்தது. ஆக்டோபஸ் வந்திருந்தது. டீக்கடைப் பலகையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள், பார்க்காதவர்கள் பேனாவைக் கடித்தார்கள். செண்பகவல்லி மூன்றும் தெரிந்திருந்தும் கணக்கில் கோட்டைவிட்டாள். மறுநாள் காலையில் சிகரம் பயிற்சி மையத்தின் பிள்ளைகள், ஜெபராஜ் சாரை முன்னால் விட்டு, ஆவுடையப்பன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

வெள்ளைக்கரடு நல்ல ஊர், அதைச் சொல்லிவிட வேண்டும். யாரும் அவரை அடிக்கவில்லை, பிடித்துத் தள்ளவில்லை. "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டு அனுமதி வாங்கிவிட்டுத்தான் முதலில் திட்டினார்கள். ஒன்றும் வரவில்லை, இருமல்தான் வந்தது. சொல்லிக்கொண்டு வருகிறது மானக்கேடு ஆகாது என்பது அப்புறம்தான் புரிந்தது. ஆகவே சொல்லாமல் செய்யத் தொடங்கினார்கள், அவரைப் பற்றிப் பொய்ப் பழி சொன்னாலும் வருவதில்லை என்பதால் உண்மையையே சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கூடாது, அவர் சாப்பிடும்போது கூடாது, அவர் மனைவியைப் பற்றிக் கூடாது என்று தங்களுக்குள் விதிகளும் வகுத்துக்கொண்டார்கள், அப்படி வகுத்ததில் தாங்கள் ரொம்ப நாகரிகமானவர்கள் என்ற நினைப்பும் அவர்களுக்கு இருந்தது. அதன்பிறகு பஸ்ஸில் ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி, "அண்ணாச்சி வீட்டுல அடுப்பே பத்த வைக்கிறது இல்லையாம், மண்டபத்துல மிஞ்சினதுதான்" என்பான். வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி அல்ல என்று ஆவுடையப்பன் சொல்வார். சலூனில் இன்னொருவன், "மகளை அவ்வளவு படிக்க வச்சு என்ன செய்ய, வீட்டுலதான இருக்கு" என்பான். கோலாக் கரடியின் கைரேகை மனிதக் கைரேகையைப் போலவே இருக்கும் என்பார். சொல்லி முடித்ததும் தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். சற்று நேரத்தில் பயிற்சி மையத்தின் வாட்ஸப் குழுவில் அது வந்து விழும், கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் உயரும், நன்றி தோழா, நன்றி தோழா என்று.

செண்பகவல்லியும் அந்தக் குழுவில் இருந்தாள். மற்ற பிள்ளைகளுக்கு வந்த மாதிரியே அவளுக்கும் வந்தது, அவளும் மனப்பாடம் செய்தாள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவன் அப்பாவின் வேட்டியைக் கொஞ்சம் பிடித்து இழுத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். கட்டைவிரலை மட்டும் அவள் உயர்த்தியதில்லை, அதை ஒரு பெரிய யோக்கியதையாகத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் அப்பா வந்து உட்காரும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் காபி கொடுக்கப் பழகிக்கொண்டாள்.

ஆனால் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே இருந்தால் தோலும் காய்த்துப்போகும் அல்லவா. அடுத்த தேர்வு நெருங்குகிற சமயத்தில் ஆவுடையப்பன் காய்த்துப்போனார். மிஞ்சின சாப்பாட்டைப் பற்றிச் சொன்னவனிடம், "ஆமா தம்பி, பாயசம் நல்லா இருந்துச்சு, உனக்கும் நாளைக்கு ஒரு தூக்குல எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டார். அதில் எகத்தாளம் இல்லை, உண்மையாகவே கேட்டார். சொன்னவன்தான் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் அவன் வாயிலிருந்து எந்தப் பொது அறிவும் வரவில்லை. டீக்கடைப் பலகையில் உளுந்தவடை தனியாக நின்றது.

ஜெபராஜ் சார் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்காக அலைந்து அலைந்து வயிற்றில் புண் வந்தவர். அவர்தான் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் செண்பகவல்லியை நிறுத்தினார்.

"யாரு சொன்னாலும் அவருக்கு இப்பம் உறைக்க மாட்டேங்கு. நீ சொன்னா உறைக்கும்மா."

"சார், அவரு எங்கப்பா."

"அதனாலதான் சொல்லுதேன்" என்றார் அவர், வெட்கத்தோடு, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே.

முடியாது சார் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் படி இறங்கினாள். ஆனால் இறங்கும்போதே, எதைச் சொன்னால் உறைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி, அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்தது. கல்லூரி முடித்த வருடம் கூடப் படித்த ஒருத்தியின் கல்யாணத்துக்கு வெளியூருக்குத் தோழிகளோடு போயிருந்தாள். அப்பா மண்டபத்தில் மேனேஜராக இருக்கிறார் என்று அந்தத் தோழிகளிடம் அவள் மூன்று வருடமாகச் சொல்லிவைத்திருந்தாள். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்து நிமிர்ந்தால், வாளியோடு அப்பா. ஆள் குறைகிறது என்று சமையல் காண்டிராக்டர் அவரை அந்த ஊருக்கு அனுப்பியிருந்தார். அவர் முகம் மலர்ந்து வாயைத் திறக்குமுன் செண்பகவல்லி, "சாம்பார் கொஞ்சமா ஊத்துங்க போதும்" என்றாள், முன்பின் தெரியாத பரிமாறுகிறவரிடம் சொல்கிற குரலில். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆவுடையப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது, கரண்டியால் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுச் சாம்பாரை ஊற்றினார். "வேற எதுவும் வேணுமாம்மா?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து ஏட்டி என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. வேண்டாம் என்று அவள் தலையாட்டியதும் அடுத்த இலைக்குப் போனார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பேசாமல் விட்ட அந்த ஒன்றுதான் இத்தனை வருடமாக அந்த வீட்டில் நாலாவது ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. வள்ளிமயில் தூக்குச்சட்டியோடு ஏறும்போது டிரைவர் இந்தத் தடவை செண்பகவல்லியைப் பார்த்துவிட்டு, பக்கத்து சீட்டில் கிடந்த துணிப்பையை எடுத்துக் கீழே வைத்தான். அவ்வளவுதான் செய்தான். அன்றைக்கே அவள் ஜெபராஜ் சாரிடம் போய், சரி சார் என்றாள்.

சாருடைய தங்கை கல்யாணம் தங்கப்பழம் மண்டபத்தில் நடந்தது. பயிற்சி மையத்துப் பிள்ளைகளை எல்லாம் ஒரே வரிசையில் உட்காரவைத்தார்கள், இலைக்கு மேல் ஓரத்தில், ஊறுகாய்க்குப் பக்கத்தில், குரலைப் பதிவு செய்ய ஆளுக்கொரு செல்போன். செண்பகவல்லி நடுவில் உட்கார்ந்தாள். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று காலையிலிருந்து நினைத்தாள். சொன்னால் வராது என்பதும் அவளுக்குத் தெரியும், சொல்லாததற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டாள். ஆவுடையப்பன் வாளியோடு வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, இது உள்ளூர்தானே, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற தைரியத்தில், "ஏட்டி, அந்தக் கூட்டு..." என்று ஆரம்பித்தார். பக்கத்து இலையில் இருந்த, மையத்தில் கூடப் படிக்கிற மாரிச்சாமி, அவனுக்குச் சொல்லிவைத்தபடி, சத்தமாகக் கேட்டான்.

"செண்பகம், இவரை உனக்குத் தெரியுமா?"

"யாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள் செண்பகவல்லி.

ஆவுடையப்பன் முதலில் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்த மாதிரி. பின்னால் தண்ணீர் டிரம் மட்டும் இருந்தது. மறுபடி அவளைப் பார்த்தார். பழைய அந்தக் கல்யாணத்தில் கேட்ட கேள்வியைத்தான் கேட்க அவர் வாயைத் திறந்தார் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது, வேற எதுவும் என்று உதடு குவிந்தது, ஆனால் வந்தது அந்த ரேடியோக் குரல்.

"ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஏழு எலும்புகளே உள்ளன. மனிதனின் கழுத்திலும் அதே ஏழுதான்."

சொல்லிக்கொண்டே குனிந்து, கரண்டியால் கத்தரிக்காயை ஒதுக்கி, அவள் இலையில் சாம்பாரை ஊற்றினார். அடுத்த இலைக்கு நகர்ந்தார், அங்கே துருவக் கரடியின் தோல் கறுப்பு என்றார். அதற்கடுத்த இலையில் நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது என்றார். உலகத்தின் மிகக் குறுகிய போர் ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை என்றார், ஈபிள் கோபுரம் கோடையில் உயரம் கூடும் என்றார், காக்கை மனித முகத்தை வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கும் என்றார், கடற்குதிரைகளில் குஞ்சுகளைச் சுமந்து பெறுவது ஆண் என்றார். வரிசை முடிந்ததும் திரும்பி எதிர் வரிசையில் வந்தார், அங்கேயும் இலைக்கு ஒன்றாக, சொட்டுச் சிந்தாமல், கண் எதையும் பார்க்காமல். பிள்ளைகள் ஒரு கையால் செல்போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட்டார்கள். சாம்பார் நன்றாக இருந்தது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். செண்பகவல்லியும் சாப்பிட்டாள்; இலையை மடக்கிவிட்டு எழுந்து போயிருக்கலாம், ஆனால் சாப்பிட்டாள், அதுதான் பின்னால் அவளுக்குத் தாளவே இல்லை.

அன்று சாயந்திரம் ஆவுடையப்பன் வழக்கம்போல லட்டுப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். அவள் எதையோ சொல்ல நினைத்து, "காபி போடவாப்பா?" என்றாள். "போடு" என்றார். அவளால் அவ்வளவுதான் முடிந்தது. அன்றோடு அவருடைய வாயும் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும், எந்த வாளி எங்கே கவிழ்ந்தாலும், ஒரு துணுக்குகூட அவரிடமிருந்து வரவில்லை. கிணற்றில் கடைசி வாளியை இறைத்தவள் தான்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

செல்போன்கள் மட்டும் ஓயவில்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், குளிக்கிற இடத்தில், மொட்டை மாடியில். பதிவு முதலிலிருந்துதான் ஓடும். யாருன்னு எனக்குத் தெரியாது என்று செண்பகவல்லியின் குரல் வரும், உடனே ஒட்டகச்சிவிங்கி வரும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில்கூட அதைச் சேர்த்தே சொல்லத் தொடங்கின, அது முதல் வரி என்று நினைத்து. அவள் பால் வாங்கப் போனால் தன் குரல் எதிரே வரும், பூக்கடைக்குப் போனால் பின்னால் வரும். தீப்பெட்டி ஆபீஸ் வேனிலும் யாரோ போட்டிருக்கிறார்கள். வள்ளிமயில் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, அடுப்பைப் பார்த்தபடி, "நீ சொன்னதையும் சேத்துத்தான் பிடிச்சிருக்கானுவ" என்று மட்டும் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் செண்பகவல்லி கொஞ்சம் அழுதிருப்பாள், அந்த வசதியை அம்மா கொடுக்கவில்லை.

தேர்வு கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. கேள்வித்தாளைப் பிரித்தால் அந்தப் பந்தி அப்படியே வரிசையாக உட்கார்ந்திருந்தது: நட்சத்திர மீன், துருவக் கரடி, கோபுரம், காக்கை. ஒவ்வொரு வட்டத்தையும் கறுப்பாக்கும்போது ஓர் இலை நகர்ந்தது, ஒரு கரண்டி இறங்கியது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள் என்ற கேள்வியில் அவளுடைய பேனா நின்றது. நாலு விடைகளுக்குப் பிறகு ஐந்தாவதாக, எல்லாக் கேள்விக்கும் இருக்கிற மாதிரி, 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம் இருந்தது. தெரியாதவர்கள் அதைக் கறுப்பாக்க வேண்டும், சும்மா விடக்கூடாது, அதுதான் விதி. செண்பகவல்லி அதைக் கறுப்பாக்கினாள். ஒரு கேள்வியை விட்டால் கழிந்துபோகிற காரியமா அது என்று அவளுக்கே அப்போது தோன்றியது, என்றாலும் வட்டத்தின் ஓரம்கூட வெள்ளையாக இல்லாமல் பார்த்துப் பார்த்து நிரப்பினாள். அந்த ஒன்று போயும் அவள் பாஸாகிவிட்டாள்.

அந்த வரிசையில் உட்கார்ந்த முக்கால்வாசிப் பேர் பாஸானார்கள். பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், ஜெபராஜ் சார் பெரிதாகவும் பிள்ளைகள் சிறிதாகவும். ஆவுடையப்பன் படத்தையும் போடலாமே என்று ஒருவர் சொல்ல, "எதுக்கு, அவருக்குச் சங்கடமா இருக்கும்" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஊருக்கும் உள்ளுக்குள் என்னவோ செய்தது போலிருக்கிறது, அதன்பிறகு வெள்ளைக்கரட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவருக்குப் பத்திரிகை வைத்து, முதல் பந்தியில் முதல் இலை போட்டார்கள், ஆனால் அவர் முகத்தை நேராகப் பார்த்து யாரும் சாப்பிடுங்க என்று சொல்லவில்லை. அவரும் உட்கார்ந்து பார்த்தார். எதிரே பரிமாறுகிற பையன் வாளியைச் சாய்த்துப் பிடிப்பதைப் பொறுக்க முடியாமல் எழுந்துபோய் வாங்கிக்கொண்டார்.

செண்பகவல்லிக்குத் தாலுகா அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் நாளிலேயே பக்கத்து மேஜைக்காரர் கேட்டார், "அப்பா என்ன செய்றாங்க?" இந்தக் கேள்விக்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள், பஸ்ஸில் வரும்போதே எங்கப்பா பந்தி பரிமாறுதாரு, எங்கப்பா பந்தி பரிமாறுதாரு என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். தொண்டையில் என்னமோ முட்டியது.

"யானையால் குதிக்க முடியாது" என்றது ரேடியோக் குரல்.

பக்கத்து மேஜைக்காரர் ஆச்சரியப்படவில்லை. புதிதாகத் தேர்வெழுதி வருகிறவர்களுக்கு இது கொஞ்ச நாளைக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்பாவைப் பற்றி யார் எப்போது கேட்டாலும் அப்படித்தான் ஆனது. ஆபீஸில் அவளுக்கு ஜி.கே. மேடம் என்று பெயர் வந்தது, வீட்டில் பிள்ளைக்குப் பொது அறிவுப் போட்டி வைத்திருக்கிறவர்கள் வேண்டுமென்றே வந்து, "உங்க அப்பா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். வீட்டிலும், அவர் காதில் விழாமல் அடுக்களையில் நின்று அப்பா என்று சொல்லிப் பார்த்தால் அதுதான் வந்தது. அதனால் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள், கிட்டே போய் நின்று பேசினாள். அவர் மேல் அவளுக்கு வெட்கமே இல்லை. வெட்கமெல்லாம் தன் மேல்தான், அது அந்தச் சொல்லின் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆவுடையப்பன் டிபன் கேரியரோடு தாலுகா அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்துத் தெரு மண்டபத்தில் வேலை, பந்தி முடிந்த கையோடு நடந்து வந்துவிட்டார். தோளில் துண்டு, வேட்டியில் மஞ்சளாக ஒரு கறை, மேலெல்லாம் சாம்பார் வாசனை. கண்காணிப்பாளர் அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். எல்லா மேஜையும் நிமிர்ந்தது.

"யாரும்மா இவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

செண்பகவல்லி எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அவள் ஒரு சொல்லைத்தான் சொல்ல வேண்டும், மூன்றே எழுத்து, குழந்தைகள் முதலில் சொல்கிற சொல். வாயைத் திறந்தாள், மூடினாள், கையை அவர் பக்கம் நீட்டிக்கொண்டு மறுபடி திறந்தாள்.

"ஆக்டோபஸ் நீந்தும்போது," என்றது அந்தக் குரல், "அதன் மூன்று இதயங்களில் ஒன்று துடிப்பதை நிறுத்திவிடும்."

யாரோ சிரித்தார்கள், யாரோ பேனாவைத் தேடினார்கள். செண்பகவல்லியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. ஆவுடையப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குரலை அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? அது தொண்டையில் எப்படி முட்டும், வந்த பிறகு வாய் எப்படிக் கசக்கும் என்பது அவரைத் தவிர ஊரில் யாருக்குத் தெரியும்? வீட்டில் அவள் எதற்காகக் கூப்பிடாமல் கிட்டே வந்து வந்து நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"நான் இவளோட அப்பாங்க. மண்டபத்துல பந்தி பரிமாறுதேன்" என்று அவர் கண்காணிப்பாளர் அம்மாளிடம் சொன்னார். சொல்வதற்கு அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. பிறகு மேஜையில் கிடந்த கோப்புகளை ஓரமாக நகர்த்தி, கேரியரைப் பிரித்து, மூடியில் சோற்றை வைத்து, கரண்டியால் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுச் சாம்பாரை ஊற்றினார். "ஏட்டி, ஆறிப்போவும், உக்காந்து சாப்பிடு."

அவள் உட்காரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். இந்த முறை அவரைப் பார்த்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி. உதடு அந்தச் சொல்லுக்காகத்தான் குவிந்தது, வந்தது வேறு ஒன்று, சூரிய ஒளி பூமிக்கு வந்துசேர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்பது. ஆவுடையப்பன் அதை முழுசாகக் கேட்டார், அவள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்ட மாதிரியே தலையாட்டினார், தோள் துண்டை எடுத்து அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

"தெரியும்ட்டி" என்றார். "சாப்பிடு."